கடைசி விலை

தேயிலை எடைச்சீட்டின் பின்பக்கம் கணக்கு.
சில்வர் ஓக் பலகை ஆறு: மூவாயிரத்து இருநூறு.
காற்றில் விழுந்த மரம்தான்.
விழுந்ததற்கும் ஒரு விலை வைத்திருந்தார் எஸ்டேட் ரைட்டர்.
பசை, ஆணி, உப்புத்தாள், வார்னிஷ்
ஆயிரத்து நூறோ என்னவோ, பில் நனைந்துவிட்டது.
பழைய பஸ் சீட்டு நுரை அறுநூறு.
பச்சைத் துணி மூன்று மீட்டர், கோயம்புத்தூரில்,
மீட்டர் நானூற்றைம்பது.
போய்வர பஸ் நூறு.
மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ, இரண்டு போண்டா, ஐம்பது.
போண்டாவை அடித்தேன்.
பிறகு மறுபடி எழுதினேன்.

கூலி என்ற இடத்தில் பேனா நின்றது.
முப்பத்தொரு ராத்திரி.
ஷிஃப்ட் முடிந்து வந்து,
பசை இறுகாத குளிரில்
ஹீட்டரைப் பலகைக்குத் திருப்பி வைத்துவிட்டு
நானும் குணவதியும் ஒரே கம்பளிக்குள்
நடுங்கிக் கிடந்த ராத்திரிகள்.
ஓவர்டைம் கணக்கில் போட்டால்
என் மேசை எனக்கே கட்டுப்படியாகாது.
சும்மா செய்தேன் என்று போட்டால்
ஊரும் அதையே சொல்லும்.

பதினாலாயிரம் என்றேன்.

கேத்தி பக்கம் ஹோம்ஸ்டே கட்டியிருக்கும் தாரிணி மேடம்
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"கடைசி விலையா?"
"ஆமாங்க."
"ஏன் இவ்வளவு கம்மி? பூச்சி கீச்சி இருக்கா?"
பேரம் என்றால் கீழே இழுப்பது என்றே பழகியவன்.
மேலே இழுத்தால் எதைப் பிடித்துக்கொள்வது?
பெங்களூரில் இதே எட்டு மூலை
அறுபதாயிரமாம்.
கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.
பதினாறு என்றேன்,
திருடியவன் போல.

வண்டி அவர் செலவு.
தார்ப்பாய்க்குள் மேசையோடு நானும்.
வளைவுக்கு வளைவு அது என் மேல் சாய்ந்தது.
பளிங்குத் தரையில் இறக்கி வைத்தோம்.
ஆடியது.

ஒரு கால் ஒரு நூல் அதிகம்.
அளந்து அறுத்தவன் நான். கை பிசகவில்லை.
மழையில் கீழ்வீட்டு மதில் சரிந்ததிலிருந்து
ஓட்டுப்பட்டறையில் என் வீட்டு ஜன்னலோர மூலை
ஒரு நூல் இறங்கியிருக்கிறது.
கோலிக்குண்டை எங்கே வைத்தாலும்
அங்கே உருண்டு போய்ப் பூனையை எழுப்பும்.
அந்த மூலைக்கு வெட்டிய கால் அது.
அங்கே ரசமட்டத்தின் குமிழ்
அசையாமல் நடுவில் நிற்கும்.
அதை இவரிடம் எப்படிச் சொல்வது?
உங்கள் தரைதான் தப்பு என்றா?

ரம்பம் கொண்டுபோகவில்லை.
மேடம் புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து
ஜோக்கர் இரண்டையும் ஓரமாகப் போட்டார்.
போக்கருக்கு இது வேண்டாமாம்.
எனக்குப் போக்கர் தெரியாது.
படத்தில் பார்த்துச் செய்த மேசையில்
நாங்கள் ஆடியது ரம்மி.
ஜோக்கர் வந்தால் ஹாலன்
கண்ணில் ஒற்றிக்கொள்வான்.
மூன்றாக மடித்து எதிர்க்காலுக்கடியில் செருகினேன்.
மேசை நின்றது.
இன்னொன்றை
யாரும் பார்க்காதபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ராத்திரி குணவதி நோட்டுகளை எண்ணினாள்.
எண்ணி முடித்துக் கேட்டாள்:
"டம்ளருக்கு எவ்வளவு போட்ட?"

எட்டுக் குழி. குழிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்.
பரணில் கிடந்த சீர் டம்ளர்கள்.
விளிம்பில் கு. என்று பெயர் வெட்டி, கீழே தேதி.
துணிக்குள் இறங்கிவிட்டால்
எழுத்து யாருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை.

பேனாவை வாங்கினாள்.
எல்லாவற்றுக்கும் கீழே, போண்டாவுக்கும் கீழே,
எட்டாயிரம் என்று எழுதினாள்.
"ஒண்ணு ஆயிரம். கடைசி விலை."

மீதியை முப்பத்தொன்றால் வகுத்தேன்.
ராத்திரிக்கு ஐம்பத்தொரு ரூபாய் சொச்சம்.
மேசை இருந்த மூலையில்
பூனை படுத்திருக்கிறது,
ஒரு நூல் தாழ்வாக.